செருப்பு கடிக்குதாப்பா?

"சர்க்கரை வேண்டாம்" என்றார் மாமா, ஃபேனை நிறுத்தட்டுமா என்று மருமகள் கேட்டதற்கு.

அவள் சிரிக்கவில்லை. இப்போதெல்லாம் அவர் பேச்சு சம்பந்தா சம்பந்தமில்லாமல்தான் இருந்தது. சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்துகொண்டு அவர் எதிரில் உட்கார்ந்திருந்தாள். முற்பகல் வெயில் திரையில் பாதியை விழுங்கியிருந்தது. அந்த நேரத்தில் வீடு தண்ணீருக்குள் இருப்பது போல இருக்கும். சத்தங்கள் மெதுவாகத்தான் வந்து சேரும்.

உள் அறையில் அவள் கணவன் அப்பாவின் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

காலையில் காபி குடித்ததும் அப்பாவின் முன்னால் மண்டியிட்டு, "நான் யாருன்னு சொல்லுங்கப்பா" என்று கேட்டிருந்தான். அவர் அவன் முகத்தையே பார்த்தார். பார்த்துவிட்டு, "மழை இல்ல" என்றார். அவன் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு முதியோர் இல்லத்துக்குப் போன் செய்தான்.

பெற்ற பிள்ளையையே தெரியாதவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றான். அது கோபமில்லை, அழுகை.

அவளுக்கும் வேலை தலைக்கு மேல். ஒரு சரக்குக் கிடங்கின் பழைய மென்பொருளையும், வேறு ஊரில் ஓடும் புதியதையும் பேசவைக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு பாஷையில் எழுதப்பட்டவை, பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள். நடுவில் பாலமாக அவள் ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். புதியது கேட்பதைப் பழையதற்குப் புரியும்படி சொல்லி, பதிலை வாங்கிவந்து கொடுப்பது அதன் வேலை.

ஆனால் பழையது உளறியது. பெட்டி எந்த அடுக்கில் என்றால் 'நாற்பது கிலோ' என்றது. யார் பெயருக்கு என்றால் 'மூன்றாவது அடுக்கு' என்றது. அதைத் தூக்கிக் கடாசிவிடலாம் என்று ஆபீஸில் எல்லோரும் கை கழுவிவிட்டார்கள்.

அவளுக்குக் கண் சொருகியது. கேள்விகளும் பதில்களும் திரையில் மிதந்தன. அரைத் தூக்கத்தில் ஒரு பதிலை மட்டும் விரலால் தொட்டு மேலே தள்ளினாள். நாற்பது கிலோ, முந்தைய கேள்வியில் போய்ப் பாந்தமாக உட்கார்ந்தது. அடுத்த பதிலும் அப்படியே. அதற்கடுத்ததும்.

பழையது ஒரு தடவைகூடத் தப்பாகச் சொல்லவில்லை. நிதானமாகச் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். புதியதற்குத்தான் பொறுமை இல்லை, பாதியிலேயே அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. வந்த பதில் எதற்குரியது என்று பார்க்காமல், கையிலிருந்த கேள்வியோடு ஒட்டிவிட்டது பாலம். பாலத்தைக் கட்டியவள் அவள்தான். யாரைக் குறை சொல்வது?

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

மழை வருதா, துணியை எடுக்கணுமா என்று மாமாவிடம் அவள் கேட்டது நேற்று படுக்கப் போகும் முன். சர்க்கரை போடவா என்று கேட்டது காலைக் காபிக்கு. காபிக்குப் பிறகு அவரிடம் கேட்கப்பட்டது...

நிமிர்ந்தாள். எதிரில் மாமாவின் நாற்காலி காலியாக இருந்தது.

வாசலுக்கு ஓடினாள். பை வெளியே போயிருந்தது. கணவன் குனிந்து அப்பாவுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான்.

"செருப்பு கடிக்குதாப்பா?" என்றான், தலை நிமிராமல்.

அவள் அவன் தோளைப் பிடித்தாள். "கொஞ்சம் இருங்க. பதில் வந்துட்டிருக்கு."

அவன் ஒன்றும் புரியாமல் பார்த்தான். மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ பார்த்தபடி நின்றார். உதடுகள் இரண்டு முறை அசைந்து நின்றன.

"நீதானே எனக்கு அப்பான்னு பேர் வச்சவன்" என்றார்.

கணவன் ஒரு செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். வெளியே கார் ஹாரன் அடித்தது. யாரும் போகவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது, "ஓடட்டும்மா, புழுக்கமா இருக்கு" என்றார் மாமா.

சாயங்காலம் வெறுங்காலோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் மகனைத் திரும்பிப் பார்த்தார்.

"இடது கால்லதான் கடிக்குது" என்றார்.