மேசையிடம் விசாரித்தார்கள்

தாம்பூலத் தட்டை மாற்ற எழுந்த மாப்பிள்ளையின் அப்பா ஆவுடையப்பனைப் பெண்ணின் அப்பா கையமர்த்தினார்.

"மன்னிக்கணும். மாப்பிள்ளை வாராவாரம் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக் கதையாட்டம் ஆடுற மேசைகிட்ட விசாரிச்சோம். எல்லாத்தையும் சொல்லிடுச்சு. ஆட்டத்துல பூதம் வந்தப்போ, அடிபட்ட கூட்டாளியைக் குகையிலேயே போட்டுட்டு ஓடியிருக்கார்."

"பகடை உருட்டுற விளையாட்டுக்காகவா ஐயா சம்பந்தத்தை முறிக்கிறீங்க?" ஆவுடையப்பனின் குரல் கூடத்தை அதிரவைத்தது. "எங்க வம்சத்துல எவனும் எவனையும் கைவிட்டதில்லை!"

"நாலு பேர் பார்க்கும்போது எல்லாரும் நல்லவங்கதான். விளையாட்டுலதான் சுயரூபம் தெரியும்."

ஆவுடையப்பன் விறைத்த முதுகோடு தட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

காரில் ஏறியதும் மகன், "நீங்களாவது எனக்காகப் பேசினீங்களே அப்பா" என்றான்.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினார்.

"அவன் அடிபட்டுக் கிடக்கும்போது நீ ஏண்டா ஓடினே?"