தியாகியின் முதுகு

"அண்ணாச்சி, இது மாடு முட்டின முதுகு இல்ல. மாட்டுக்கு இவ்வளவு கோவம் வராது" என்றான் பிச்சைமணி.

பாறையில் குப்புறக் கிடந்த தளவாய் அப்படித்தான் சொல்லியிருந்தார், மாடு முட்டிவிட்டதென்று.

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிட்டே பாதி மலையை வழுக்க வைத்தவன் பிச்சைமணி. அவன் கை படாத முதுகு ஜில்லாவில் கிடையாது. அவனே எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு மலைத்து நின்றான். தோளிலிருந்து இடுப்பு வரை அப்படித் தடித்திருந்தது. செங்கோட்டை ரயிலைத் தாராளமாக அதன்மேல் ஓட்டலாம்.

"மெதுவாத் தேயிடே. நாளைக்கு நான் நிமிந்து நிக்கணும்" என்று முனகினார் தளவாய்.

"நாளைக்கு தென்காசியில மறுபடியும் ஊர்வலம்னு சொல்லுதாவளே. அங்கனயா போறிய?"

"போகாம முடியாது."

போகாவிட்டால் வெளியில் தலைகாட்ட முடியாது. போனால் வீட்டுக்குள் தலைகாட்ட முடியாது. விடிந்ததிலிருந்து அந்த யோசனைதான் அவரைத் தின்றுகொண்டிருந்தது.

பிச்சைமணி குனிந்து காதோரம் கேட்டான். "லத்தி அடிதான இது?"

"லத்திதான்" என்றார் தளவாய்.

அவ்வளவுதான். பிச்சைமணியின் கை, குழந்தைக்குத் தேய்க்கிற கையாக மாறிவிட்டது.

அது நாற்பத்திரண்டாம் வருஷத்து ஆவணி. தலைவர்களையெல்லாம் பிடித்து உள்ளே போட்டாகிவிட்டது. கூட்டம் கூடாது, ஊர்வலம் கூடாது, ஐந்து பேர் சேர்ந்து தும்மக்கூடக் கூடாது என்று தடையுத்தரவு. ஆனால் சாரல் காலத்தில் அருவிக்குத் தடை போடுகிற தைரியம் மட்டும் எந்தத் துரைக்கும் வரவில்லை. ஊரே ஒன்றாக நின்று சத்தம் போட மிச்சமிருந்த ஒரே இடம் அது. அங்கே எல்லார் இடுப்பிலும் ஈரத்துண்டு. யார் எந்தக் கட்சி என்று பிரம்மாவுக்கே தெரியாது.

பிச்சைமணி பக்கத்துப் பாறையில் சொன்னான். பக்கத்துப் பாறை அடுத்த பாறையில் சொன்னது. மெயின் அருவியில் முதுகுத் தடிப்பாக இருந்த சேதி, ஐந்தருவிக்குப் போவதற்குள் துப்பாக்கிக் குண்டாகிவிட்டது. செங்கோட்டை எல்லையைத் தொட்டபோது தளவாய் செத்தே போயிருந்தார்.

சுக்குக் காப்பிக் கடை கிதிர் முகம்மது, கடையை அப்படியே போட்டுவிட்டுக் கையில் லோட்டாவோடு ஓடிவந்தார். "குடிங்க அண்ணாச்சி. உங்க வாய் பட்ட லோட்டாவை இனிமே வேற யாருக்கும் தரமாட்டேன்."

தளவாய்க்கு உடம்பு கூசியது. "இந்தா பாருங்க. நீங்க நினைக்க மாதிரி ஆளு இல்ல நான்."

"பாத்தியளா அடக்கத்தை" என்றான் பிச்சைமணி.

"தெரியாமச் சொல்லுதீய. எனக்கு வெக்கமா இருக்கு."

"அடிச்சவன்லா அண்ணாச்சி வெக்கப்படணும். நேத்து ஊர்வலத்துல பொம்பளைகளைக்கூட விடலையாம். சொக்கம்மாள்னு ஒரு வயசாளி, கை ஒடிஞ்சு தூளியில போட்டுத் தொங்குதாம். அடிச்ச பாவி வீட்டுல கேக்க ஆளே கிடையாதா?"

"இருப்பாங்க" என்றார் தளவாய், பாறைக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"இருந்து என்னத்துக்கு? அந்தக் கையில சோத்தைப் போடுதாளே ஒருத்தி, அவளைச் சொல்லணும்."

தளவாயின் கண்கள் நிறைந்து வழிந்தன. எண்ணெய் பட்டுவிட்டதென்று பிச்சைமணி தன் துண்டாலேயே துடைத்துவிட்டான். அவரை எழுப்பி அருவிக்கு நடத்திப் போனார்கள். முட்டி மோதி நின்ற கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. அவர் தலை குனியக் குனிய ஜனங்களுக்கு மரியாதை கூடிக்கொண்டே போனது. அருவிக்குள் நுழைந்து அப்படியே கரைந்துவிட மாட்டோமா என்றிருந்தது அவருக்கு.

அப்போதுதான் படிக்கட்டில் ஒரு சிவப்புத் தொப்பி தெரிந்தது. போலீஸ்காரன் ஒருவன், மூச்சு வாங்க, ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டு வந்தான்.

"அண்ணாச்சியைப் பிடிக்க வந்துட்டான். மறைங்கடே" என்றார் கிதிர் முகம்மது.

கண்மூடித் திறப்பதற்குள் தளவாயைச் சுற்றி ஈரத்துண்டுகளால் ஒரு கோட்டை எழும்பிவிட்டது. குழந்தைகளை இடுப்பில் வைத்திருந்த பெண்கள்கூட வந்து நின்றுகொண்டார்கள்.

"எங்களைத் தாண்டித்தான் இவரைத் தொடணும்" என்று பிச்சைமணி நெஞ்சை நிமிர்த்தினான்.

"வேண்டாம்டே, விலகு. எனக்காக யாரும் அடி வாங்காதீங்க" என்று தளவாய் கைகூப்பினார். கூட்டத்தில் பாதிப் பேர் அழுதேவிட்டார்கள்.

போலீஸ்காரன் அந்தக் கோட்டையை எட்டிப் பார்த்தான். உள்ளே கைகூப்பி நின்றவரைக் கண்டதும், தண்ணீர் தெறிக்க இரண்டு காலையும் சேர்த்து ஒரு சலாம் வைத்தான்.

"ஏட்டையா, உங்களை எங்கயெல்லாம் தேடுதது. லீவு ரத்து. இன்ஸ்பெக்டர் உடனே கூட்டிட்டு வரச் சொல்லுதாரு. ஊர்வலத்தை இன்னைக்கே கிளப்பிட்டாங்க."

பிச்சைமணியின் எண்ணெய்க் கை அந்தரத்தில் நின்றது. துண்டுக் கோட்டை, ஆள் ஆளாக, பின்வாங்கியது.

தளவாய் யாரையும் பார்க்கவில்லை. "நீங்கள்லாம் இருக்கியளே, போய்த் தடுக்க வேண்டியதுதான" என்றார்.

"எப்படித் தடுக்க, ஏட்டையா? உங்க வீட்டம்மா ஆவுடைத்தாய் அக்காதான் முன்னால வாராவ. நேத்து உங்க முதுகுல ஒடிச்சது போக மிச்சம் இருந்த லத்தியிலதான் கொடியைக் கட்டிப் பிடிச்சிருக்காவ."