ஏழு கற்கள்

மூத்த மருமகள் கோகிலத்தின் பித்தப்பையிலிருந்து எடுத்த ஏழு கற்களையும் கண்ணாடிப் புட்டியில் போட்டு டிவிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். ஹார்லிக்ஸோடு வருகிறவர்கள் புட்டியைக் குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கட்டிலில் கிடந்தவளைப் பார்த்தார்கள்.

"இம்புட்டையும் வயித்துல வச்சிக்கிட்டா வேலைக்குப் போயிட்டு வந்தா எம் மருமவ!" என்று மாமியார் மூக்கைச் சிந்தினாள்.

வந்தவர்களுக்கு அடுப்படியில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த இளைய மருமகள் பூரணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே வலது விலாவுக்குக் கீழே, அதே தோள்பட்டைக்கு ஏறுகிற வலி அவளுக்கும் இரண்டு வருஷமாக இருக்கிறது. எண்ணெய்ப் பண்டம் தின்றால் பச்சையாகக் கசந்து வாந்தி வரும். அவளுக்குக் கிடைத்ததெல்லாம் ஓமத்தண்ணீரும், "வெறும் வாயு, குனிஞ்சு நிமிந்து வேல செஞ்சா ஓடிப்போவும்" என்ற பேச்சும்தான். சம்பளம் வாங்குகிற வயிற்றுக்கு மட்டும் முதல் வலியிலேயே ஸ்கேன் எடுத்தார்கள்.

பஜ்ஜித் தட்டைக் கூடத்துக்குக் கொண்டுவந்த பூரணி யாருக்கும் நீட்டவில்லை. நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தானே தின்றாள்.

"ஏட்டி, யாருக்கும் குடுக்காம நீயே முழுங்குதே!" என்றாள் மாமியார்.

எட்டாவதை எடுத்தபோது கோகிலம் தையலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "பூரணி, வேண்டாம்டி. அந்த வலி எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரிஞ்சு என்னக்கா செய்ய? இன்னைக்குத்தான் எல்லாரும் இருக்காங்க."

தின்று முடித்தால் அரைமணியில் வலி வந்துவிடும். அதற்குள் யாரும் கிளம்பிவிடக் கூடாதென்று, பூரணி எழுந்துபோய் வாசல் கதவைத் தாழிட்டாள்.