ஹன்ட் என்றால் என்ன?

முள்காடு ஒன்றில் ஒரு முயல் தன் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்தது. ஒரு நாள் காலையில் துப்பாக்கியும் நாயுமாக நாலு பேர் அங்கே வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒருவன் "ஹன்ட்" என்று சொன்னது முயலின் காதில் விழுந்தது.

பள்ளிக்கூடக் கூரையில் பிறந்து வளர்ந்த மைனா ஒன்று பக்கத்து மரத்தில் இருந்தது. முயல் அதனிடம் ஓடியது.

"மைனாக்கா, ஹன்ட் என்றால் என்ன?"

"வேட்டை! குட்டிகளைக் கூட்டிக்கொண்டு ஓடு!"

முயல் ஓடவில்லை. "வேறு அர்த்தமே கிடையாதா?"

"தேடுவது என்றும் சொல்வார்கள். வீடு தேடுவது, வேலை தேடுவது எல்லாம்கூட ஹன்ட்தான். ஆனால் இவர்கள் கையில்..."

"அதானே பார்த்தேன்!" என்றது முயல். "பாவம், எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார்கள்."

மைனா கத்திக் கத்திப் பார்த்தது. கடைசியில் குட்டிகளை மட்டும் ஓடைக்கு அந்தப் பக்கம் விரட்டிக்கொண்டு போனது.

முயல் புதருக்குள் உட்கார்ந்து, "தேடுகிறார்கள், தேடத்தான் செய்கிறார்கள்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. சொல்லச் சொல்ல இன்னும் உள்ளே தள்ளி உட்கார்ந்தது.

புதர் விலகி, நாயின் மூக்கு உள்ளே வந்தது.

"எதைத் தொலைத்தீர்கள், அண்ணே?" என்று முயல் கேட்டது.

"எதையும் தொலைக்கவில்லை," என்றது நாய். "உன்னைத்தான் தேடுகிறோம்."