சங்கத்தின் விதி

தொழிலாளரைச் சுரண்டாத கம்பெனிகளை மட்டும் சேர்க்கும் நியாய வணிகச் சங்கத்தில் சேர விண்ணப்பித்த, துணிப்பை தைக்கும் கம்பெனியைச் சோதிக்க வந்த அதிகாரி, விதிப்படி முதலாளியை வெளியே அனுப்பிவிட்டு, தையல் மிஷினில் இருந்த பெண்ணிடம் தனியாகக் கேட்டார்.

"எத்தனை மணி நேரம் வேலைம்மா?"

"கண்ணு சொருகுற வரைக்கும்."

"சம்பளம்?"

"நல்லா ஜோக் அடிக்கிறீங்க சார்."

"லீவு?"

"ஜுரம் வந்தா சுவத்துல சாஞ்சுக்கிட்டுத் தைப்பேன்."

அதிகாரிக்கு ரத்தம் கொதித்தது. 'நிராகரிப்பு' என்று எழுதப் பேனாவைத் திறந்தார். "இவனை விட்டுட்டு வேற இடத்துக்குப் போயிடலாமேம்மா?"

"எங்க சார் போறது? கட்டிக்கிட்ட புருஷனாச்சே!"

அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். குடும்பத்தினர் தொழிலாளர் கணக்கில் வரமாட்டார்கள்.

'தொழிலாளர் சுரண்டல்: இல்லை' என்று எழுதி முத்திரை குத்தினார்.

"சங்கத்துல எங்களுக்கு இடம் கிடைச்சிடுச்சா சார்?"

"கிடைச்சிடுச்சும்மா" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.