கென்யாவுக்குப் போகிற பெண்

"பக்கத்து வீட்டுப் பொண்ணு ஷெர்லின் எப்படிம்மா? பாஸ்போர்ட் விசாரணை. வீடு பூட்டியிருக்கு."

மஃப்டியில் வந்த போலீஸ்காரர் பைக்கை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

அன்னபுஷ்பத்துக்கு வயிறு எரிந்தது. போன ஞாயிறு சர்ச்சில் போதகர் அறிவித்ததிலிருந்தே எரிகிற வயிறுதான் அது.

'நம்ம சபைப் பிள்ளை ஷெர்லின், கோடை லீவில் காட்டு விலங்குகளைப் பாதுகாக்கும் பயிற்சிக்காகக் கென்யா போகிறாள். எல்லாரும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.'

அன்னபுஷ்பமும் கண்ணை மூடினாள். ஜெபம்தான் வரவில்லை.

அவள் மகள் ஜோவிதாவுக்கும் அதே வயசுதான். விடியற்காலை ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ் ஏறி, ஒரகடம் ஃபேக்டரியில் எட்டு மணி நேரம் லைனில் நின்று, கால் வீங்கி வருகிறாள். ஷெர்லின் மட்டும் பிளேன் ஏறிப் போய் யானை எண்ணுவாளாம். சிங்கத்துக்கு இவள்தான் காவல் நிற்கணுமா?

"அவங்கம்மா செல்லக்கனி போனே எடுக்கலையே?"

"கம்பெனி கேன்டீன்ல வேலை சார். ஷிஃப்டு முடியிற வரைக்கும் போனை வாசல் கேட்லயே வாங்கி வெச்சிக்குவாங்க."

"அப்ப நீங்களே சொல்லுங்க. பொண்ணு எப்படி?"

"இன்னாத்த சொல்றது சார்? காலையில ஏரிக்கரை, சாயங்காலமும் ஏரிக்கரை. கூட நாலு பசங்க. கேட்டா, கொக்கு எண்ணுறாங்களாம்!"

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"பசங்களோடயா?"

"நான் சொன்னேன்னு சொல்லாதீங்க சார்."

"இப்படி எழுதினா பாஸ்போர்ட் நின்னுடும்மா. அடுத்த மாசம் கிளம்ப முடியாது."

"அய்யோ பாவம்" என்றாள். ஒரு வாரமாக எரிந்த வயிறு சில்லென்று ஆனது.

போலீஸ்காரர் காகிதத்தைப் புரட்டினார்.

"இங்க அன்னபுஷ்பம்னு யாரும்மா? அவங்களையும் கேட்டுட்டா முடிச்சிடலாம். தெரிஞ்சவங்கன்னு அவங்க பேரைத்தான் போட்டிருக்கு."

"அவங்க பேரையா? எதுக்கு?"

"காலையில அந்தப் பொண்ணே போன்ல சொல்லிச்சு. 'எனக்குப் பரீட்சை சார், வீட்ல யாரும் இருக்க மாட்டாங்க. அன்னபுஷ்பம் ஆன்ட்டியக் கேளுங்க. என்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா சொல்ல மாட்டாங்க'ன்னு."



"இருங்க சார், வரச் சொல்றேன்."

உள்ளே போனாள். முகத்தை அலம்பினாள். ஈரம்கூடத் துடைக்காமல் வெளியே வந்தாள்.

"நான்தான் சார் அன்னபுஷ்பம். இப்ப கேளுங்க."