அண்ணன் ஊற்றிய பெட்ரோல்

அண்ணன் இறந்து நான்கு வருடமாக மாடிப்படிக்கு அடியில் கிடந்த பழைய மோட்டார் சைக்கிள், உதைத்தால் கிளம்பியது. ஆனால், ஆக்ஸிலேட்டரை முறுக்கியதும் கல்யாண வீட்டில் முன்வரிசை கிடைக்காத பெரியப்பா மாதிரி இருமிவிட்டு அணைந்தது. தாமோதரன் பிளக்கை மாற்றினான், கார்புரேட்டரைக் கழுவினான், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்கூட வைத்துப் பார்த்தான்.

மெக்கானிக் ஜக்கரியா டாங்க்கை முகர்ந்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார். "பெட்ரோலா சார் இது? நாலு வருஷத்துல கெட்டு வார்னிஷாயிடுச்சு. பூரா இறக்கிடுங்க. இல்லேன்னா இஞ்சினை மறந்துடுங்க."

தாமோதரனுக்கு மனம் வரவில்லை. "அண்ணன் கடைசியா தன் கையால ஊத்தினது" என்று டாங்க் மூடியைத் திரும்பப் போட்டான்.

அண்ணி புஷ்பவல்லி உள்ளேயிருந்து சிரித்தாள். "உங்கண்ணன் என்னிக்கு காசு குடுத்துப் பெட்ரோல் போட்டாரு, தம்பி? மாடி வீட்டுக்காரர் வண்டியில டியூப் விட்டு உறிஞ்சினது அது. ஒரு கோயில் கட்டுங்க, கும்பாபிஷேகத்துக்கு வரேன்."

ரோஷத்தில் அவனே டியூபை எடுத்து டாங்க்கில் விட்டு உறிஞ்சினான். முதல் இழுப்பிலேயே வாய் நிறைந்தது. மிச்சம் பழுப்பாக வாளியில் இறங்கியது.

"துப்பித் தொலைங்க! உங்க வம்சத்துக்கே மூளை கிடையாது!" என்று அண்ணி சொம்புத் தண்ணீரோடு ஓடி வந்தாள். கன்னம் உப்ப, கண்ணில் நீர் வழிய, அவன் துப்பாமல் நின்றான். கிட்டே வந்தவள் சட்டென்று நின்றாள்.

"அவரு வாயும் இப்படித்தான் நாறும்" என்றாள், மெதுவாக.

சொம்பை அவள் நீட்டவில்லை. துப்பச் சொல்லி இன்னொரு முறை கேட்கவுமில்லை.